நடுவில் தூண் இல்லை – 9: மாடுகளுக்காகக் கட்டிய அரங்கு

சென்ற இதழில் ரோமில் இருந்தோம். 1,620 வார்ப்புத் துண்டுகளைச் சேர்த்து பொறியாளர் நெர்வி கவிழ்த்த கான்கிரீட் கூரைக்குக் கீழே, 1960 ஒலிம்பிக்ஸில் கூடைப்பந்து ஆடியதைப் பார்த்தோம். இந்த இதழில் பத்தாண்டு பின்னால் போய், அட்லாண்டிக்கையும் தாண்ட வேண்டியிருக்கிறது. வரிசை தப்பிப் போவதற்குக் காரணம் உண்டு. நெர்வியோடு ஒரு பரம்பரை உச்சத்தைத் தொட்டது. கல்லையும் செங்கல்லையும் கான்கிரீட்டையும் ஒன்றோடொன்று முட்டுக்கொடுத்து நிற்கவைக்கும் அந்தப் பரம்பரைக்கு வயது இரண்டாயிரம் வருஷத்துக்குக் குறையாது. அதற்குச் சம்பந்தமே இல்லாத இன்னொரு வம்சம் வேறோர் இடத்தில் தொடங்கியிருந்தது. அது தொடங்கியது ஒலிம்பிக் நகரத்தில் அல்ல, ஒரு கால்நடைக் கண்காட்சியில்.

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத் தலைநகர் ராலி. புகையிலையும் பருத்தியும் விளைகிற நாடு. ஒவ்வோர் அக்டோபரிலும் அங்கே மாநிலப் பொருட்காட்சி நடக்கும். ராட்டினம், தின்பண்டம், விவசாயக் கருவி எல்லாம் இருந்தாலும், விவசாயிகள் காத்திருப்பது கால்நடைப் போட்டிக்கு. காளையையும் பசுவையும் வட்டமாக நடத்திக் காட்டுவார்கள், நடுவர்கள் நடுவில் நின்று மதிப்பெண் போடுவார்கள், சுற்றிலும் ஜனங்கள். பொருட்காட்சியை நிர்வகித்தவர் ஜே. எஸ். டார்ட்டன் என்ற கால்நடை மருத்துவர். இரண்டாம் உலகப்போர் முடிந்த கையோடு மைதானத்தைப் புதுப்பிக்க மாநில அரசு பணம் ஒதுக்கியது. டார்ட்டன் சாதாரணக் கொட்டகையோடு திருப்திப்படுகிற ஆள் இல்லை. உலகத்திலேயே நவீனமான பொருட்காட்சி மைதானம் தன்னுடையதாக இருக்கவேண்டும் என்று நினைத்தார். ஐயாயிரம் பேர் உட்கார்ந்து பார்க்கும் மண்டபம், பார்வையை மறைக்க நடுவில் ஒரு தூணும் கூடாது.

அந்த வேலை எப்படியோ ஒரு போலந்துக்காரர் கைக்கு வந்து சேர்ந்தது.

மாத்யூ நோவிட்ஸ்கி பிறந்தது 1910-ல், சைபீரியாவின் சீட்டா நகரில். படித்தது வார்சா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில். மனைவி ஸ்தனிஸ்வாவாவும் கட்டடக்கலைஞர். ஜெர்மானியர் வார்சாவைப் பிடித்துவைத்திருந்த ஆண்டுகளில் போலந்துக்காரர்களுக்கு உயர்கல்வி தடைசெய்யப்பட்டிருந்தது. கொத்துவேலை கற்றுக்கொடுக்கும் பள்ளி என்ற போர்வையில் நோவிட்ஸ்கி கட்டடக்கலை வகுப்பு நடத்தினார். போர் முடிந்தபோது நகரம் இடிபாட்டு மேடாகக் கிடந்தது. அதை மீண்டும் எழுப்பும் திட்டத்தில் வேலை செய்தார். 1945 கடைசியில் போலந்தின் கலாசார அதிகாரியாக சிகாகோ போனார். பிறகு ஐ.நா. தலைமையகக் கட்டடத்துக்கான ஆலோசனைக் குழுவில் இடம்பெற்றார். இதற்கிடையில் ஊரில் கம்யூனிஸ்ட் ஆட்சி இறுகிவிட்டது. குடும்பம் திரும்பிப் போகவில்லை. 1948-ல் ராலியில் இருந்த மாநிலக் கல்லூரியில் ஹென்றி காம்ஃபோஃப்னர் என்ற துடிப்பான டீன் புதிதாக ஒரு வடிவமைப்புப் பள்ளி தொடங்கினார். கட்டடக்கலைத் துறையை ஏற்கும்படி நோவிட்ஸ்கியை அழைத்தார். வார்சாவையும் நியூயார்க்கையும் பார்த்த மனிதர் புகையிலை ஊரில் வாத்தியாரானார். பொருட்காட்சி அரங்கின் திட்டம் அங்கேதான் அவரிடம் வந்தது. அந்த மாநிலத்தில் அவருக்கு உரிமம் இல்லாததால் வில்லியம் டீட்ரிக் என்ற உள்ளூர்க் கட்டடக்கலைஞரோடு சேர்ந்து செய்தார்.

அவர் வரைந்தது என்ன என்று பார்ப்பதற்கு முன், கூரைகளைப் பற்றிய ஓர் அடிப்படை விஷயத்தைத் தீர்த்துவிடலாம். இந்தத் தொடரில் இதுவரை வந்த கூரைகள் இரண்டே ஜாதி. ஒன்று, உத்தரம் போட்டது. பாரம் ஏறினால் உத்தரம் வளையும். மேல்பக்கம் நசுங்கும், அடிப்பக்கம் விரியும், நடுவில் இருக்கும் பொருள் பெரும்பாலும் சும்மா இருக்கும். நீளம் கூடக்கூட உத்தரத்தின் சொந்த எடையே அதைச் சாப்பிட்டுவிடும். இன்னொன்று வளைவும் குவிமாடமும். இதில் ஒவ்வொரு துண்டும் பக்கத்துத் துண்டை அமுக்கி நிற்கும். பொருள் வீணாவதில்லை. ஆனால் அமுக்கத்துக்கு ஒரு கெட்ட குணம் உண்டு: மெல்லிசாக்கினால் பக்கவாட்டில் பிதுங்கி மடங்கிவிடும். அந்தப் பயத்தால் குவிமாடத்தை ஓரளவுக்கு மேல் மெல்லிசாக்க முடியாது.

மூன்றாவது வழி இழுவிசை. எஃகு வடத்தை இழுத்தால் மடங்காது, பிதுங்காது, அறுந்தால்தான் உண்டு. ஒரே எடை எஃகை உத்தரமாகப் போடுவதைவிட வடமாகக் கட்டினால் பல மடங்கு தூரத்தைத் தாண்டலாம். தொங்குபாலக்காரர்களுக்கு இது எப்போதோ தெரியும். 1896-லேயே ரஷ்யாவின் நீஷ்னி நோவ்கொரோத் கண்காட்சியில் விளாதிமிர் ஷுகோவ் எஃகுப் பட்டைகளை வலையாகப் பின்னித் தொங்கவிட்டு, 68 மீட்டர் குறுக்களவுள்ள வட்டக் கூடமே கட்டிக் காட்டினார். அதோடு அந்த யோசனை கிட்டத்தட்ட அரை நூற்றாண்டு தூங்கிவிட்டது. ஏன்?

இரண்டு தொல்லைகள். முதலாவது, துணி உலர்த்தக் கொடி கட்டியவர்கள் எல்லோரும் அறிந்தது. கயிற்றைத் தொய்வாகக் கட்டினால் சுலபம். தொய்வே இல்லாமல் விறைப்பாகக் கட்டப் போனால் ஆணி பிடுங்கிக்கொண்டு வரும். தொய்வு பாதியானால் இழுவை இரட்டிக்கும். கணக்கு ஒன்று போட்டுப் பார்க்கலாம். 90 மீட்டர் தூரம், நடுவில் 9 மீட்டர் தொய்வு, கூரையின் எடை சதுர மீட்டருக்கு 30 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஒரு மீட்டர் அகலத்துக்கு இழுவை சுமார் 3.4 டன். கூரை 90 மீட்டர் அகலம் என்றால் இரு பக்கமும் 300 டன்னுக்கு மேல் உள்நோக்கி இழுக்கும். இது கூரை சும்மா இருக்கும்போது. பனி விழுந்தால் இன்னும் கூடும். பாலத்தில் இந்த இழுவையை இரு கரையிலும் மலைபோன்ற கான்கிரீட் கட்டிகளைப் புதைத்துச் சமாளிப்பார்கள். அரங்கத்தைச் சுற்றி அப்படிக் கட்டி புதைத்தால், கூரையில் மிச்சம் பிடித்த காசு மண்ணுக்குள் போய்விடும்.

இரண்டாவது தொல்லைதான் பெரியது. காற்று. கூரை என்றாலே கீழ்நோக்கி விழுவதைத் தடுக்கும் கலை என்றுதான் கட்டுநர்கள் நினைத்துவந்தார்கள். கனமான கூரைக்கு அது சரி. ஆனால் மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் வீசும் காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 48 கிலோ. அது கூரைமேல் தவழ்ந்து போகும்போது மேல்நோக்கி உறிஞ்சுகிறது. புயல் கடந்த மறுநாள் நம் கடலோர ஊர்களின் படங்களில் பார்த்திருப்பீர்கள். சுவர் அப்படியே நிற்கும், தகரக் கூரை மட்டும் பக்கத்துத் தெருவில் கிடக்கும். 30 கிலோ எடையுள்ள தொங்குகூரையை 48 கிலோ காற்று என்ன செய்யும்? தூக்கும், விடும், மறுபடி தூக்கும். 1940 நவம்பரில் அமெரிக்காவின் டகோமா பாலம் இப்படித்தான் காற்றில் துடித்துத் துடித்து, திறந்து நாலு மாதம் ஆன நிலையில் கடல் நீரிணையில் விழுந்தது. அது விழுவதைப் படமெடுத்த சுருளைப் பார்க்காத கட்டுமானப் பொறியாளரே அப்போது இல்லை. பத்து வருஷம்கூட ஆகாத நிலையில், ஐயாயிரம் பேர் தலைக்குமேல் வடத்தில் கூரை தொங்கவிடலாம் என்று சொல்ல ஒரு தைரியம் வேண்டும்.

நோவிட்ஸ்கியின் யோசனை இதுதான். இரண்டு பெரிய கான்கிரீட் வளைவுகள். சுமார் 27 மீட்டர் உயரம். நேராக நிற்கவில்லை. எதிரெதிர்த் திசையில் வெளிப்பக்கம் படுத்தாற்போல், தரையோடு 22 பாகை அளவே சாய்ந்திருக்கின்றன. இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே வெட்டிக்கொள்வது தரைக்கு மேலே சுமார் 8 மீட்டர் உயரத்தில். ஒரு வளைவின் உச்சி கிழக்கே போகிறது, மற்றதன் உச்சி மேற்கே. நடுவில் முழுதும் எஃகு வடங்களின் வலை.

வலையைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பார்ப்போம். கிழக்கு வளைவிலிருந்து மேற்கு வளைவுக்குப் போகும் வடங்கள் தொய்ந்து கீழ்நோக்கி வளைகின்றன. கூரையைச் சுமப்பவை இவை. இவற்றுக்குக் குறுக்கே, தெற்கிலிருந்து வடக்கே ஓடும் வடங்கள் மேல்நோக்கி வளைந்திருக்கின்றன. இவை எதையும் சுமப்பதில்லை. முதல் தொகுதியைக் கீழே அமுக்கிப் பிடிப்பதே இவற்றின் வேலை. இரண்டையும் விறைப்பாக இழுத்துக் கட்டிவிட்டால், பனி விழும்போது தொய்ந்த வடங்கள் தாங்கும், காற்று உறிஞ்சும்போது எதிர்ப்பக்கம் வளைந்த வடங்கள் பிடித்துக்கொள்ளும். எந்தப் புள்ளியில் நின்றாலும் ஒரு திசையில் மேடு, மறு திசையில் பள்ளம். பொறியாளர்கள் இதைச் சேண வடிவம் என்பார்கள். கூரையைக் கனமாக்கிக் காற்றை வெல்லவில்லை, வடிவத்தால் வென்றார்கள். கூரையின் எடை சதுர மீட்டருக்கு 30 கிலோ அளவில் நின்றது. வடங்களுக்கு மேலே நெளிதகரமும் வெப்பத்தடுப்புப் பலகையும் நீர்த்தடுப்புப் பூச்சும் மட்டுந்தான். மழைநீருக்கும் தனி ஏற்பாடு தேவைப்படவில்லை. சேணத்தின் தாழ்வான இரண்டு ஓரங்களுக்குத் தானே ஓடிவிடும்.

முதல் தொல்லையான இழுவையை எப்படித் தீர்த்தார் என்பதில்தான் இந்தக் கட்டடத்தின் உண்மையான அழகு இருக்கிறது என்பது என் கட்சி. வளைவுகள் வெளிப்பக்கம் சாய்ந்திருப்பதால் அவற்றின் எடை வெளியே விழப் பார்க்கிறது. வடங்கள் அவற்றை உள்ளே இழுக்கின்றன. ஒன்றின் கேடு மற்றதற்கு மருந்து. வடங்கள் சீராக இழுக்கும்போது வளைவு முழுதும் வளையாமல் நெடுக அமுக்கத்தில் நிற்கவேண்டுமானால் அதற்கு ஏற்ற கோடு பரவளையம். பள்ளிக் கணக்கில் வரைந்து மறந்துபோன அதே பரவளையம். இழுவை வடத்துக்கு, அமுக்கம் கான்கிரீட்டுக்கு என்று அவரவர்க்கு வருகிற வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார்.

கால்கள் பாக்கி. இரண்டு வளைவுகளும் ஒன்றையொன்று வெட்டிய பிறகு அவற்றின் முனைகள் விரிந்து மண்ணுக்குள் இறங்குகின்றன. அந்தப் பாதங்கள் இன்னும் விலகி ஓடத் துடிக்கும். மண்ணை நம்பி விட்டால் என்றைக்காவது நகரும். அதனால் தரைக்கடியில் சுரங்கம்போலப் பாதை விட்டு, பாதங்களை எஃகு வடங்களால் ஒன்றோடொன்று இழுத்துக் கட்டினார்கள். பொருட்காட்சிக்கு வருகிறவர் யாரும் அதைப் பார்ப்பதில்லை. மேலே தெரிகிற நாடகத்துக்கு ஆதாரம் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கட்டுத்தான். சுற்றுப்புறம் வளைவுகளுக்குக் கீழே நெருக்கமாக நிற்கும் தூண்கள், வளைவின் சொந்த எடையைத் தாங்குகின்றன. தூணுக்குத் தூண் இடைவெளியில் கண்ணாடி. உள்ளே நடுவில் ஒரு தூண்கூட இல்லை. ஏறக்குறைய 90 மீட்டர் வெளி.

படம் வரைவது ஒன்று, நிற்கவைப்பது வேறு. அதற்கு வாய்த்தவர் ஃப்ரெட் செவருட். நார்வேயில் பிறந்து 1920-களில் அமெரிக்கா வந்து நியூயார்க்கில் பொறியியல் அலுவலகம் நடத்தியவர். ஆமை ஓடும் வால்நட் ஓடும் புல்லின் தண்டும் கட்டுமானத்துக்கு என்ன சொல்லித்தருகின்றன என்று 1945-லேயே ஒரு கட்டடக்கலைப் பத்திரிகையில் கட்டுரை எழுதியவர். கிறுக்கு யோசனை என்றால் ஓடிப்போகாமல் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்காருகிற ரகம். செயின்ட் லூயிஸ் நகரத்தின் 192 மீட்டர் உயர எஃகு வளைவுக்குப் பின்னாளில் கணக்குப் போட்டவர் அவர்தான். 1968-ல் திறந்த மாடிசன் ஸ்கொயர் கார்டனின் வடக்கூரையும் அவர் நிறுவனத்தின் வேலை. ராலி வரைபடங்களுக்குக் கணக்கு போட்டபோது கணினி கிடையாது. நழுவுகோலும் பென்சிலும்தான். வலையில் ஒரு வடத்தை முறுக்கினால் மற்ற எல்லா வடங்களின் இழுவையும் மாறும் என்பதை நினைத்துப் பார்த்தால் அந்தக் காகிதக் குவியல் எவ்வளவு இருந்திருக்கும் என்று ஊகிக்கலாம்.

இந்த இடத்தில் கதை இந்தியாவுக்கு வருகிறது.

பிரிவினையில் லாகூர் போய்விட்டது. பஞ்சாபுக்குப் புதுத் தலைநகரம் வேண்டும். சண்டிகர் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. நகரத்தைத் திட்டமிடும் பொறுப்பை அமெரிக்காவின் ஆல்பர்ட் மேயரிடம் கொடுத்தார்கள். கட்டடங்களைப் பார்த்துக்கொள்ள மேயர் அழைத்த ஆள் நோவிட்ஸ்கி. 1950 கோடையில் அவர் இந்தியா வந்தார். இலை வடிவத்தில் நகர வரைபடம் போட்டார். ராலியில் கூரை வரைபடங்கள் பொறியாளர் மேசையில் இருக்க, அவர் இமயமலை அடிவாரத்தில் குடியிருப்புகளுக்குக் கோடு இழுத்துக்கொண்டிருந்தார். ஆகஸ்ட் கடைசியில் ஊர் திரும்ப பம்பாயிலிருந்து வந்த டி.டபிள்யூ.ஏ. விமானத்தில் ஏறினார். கெய்ரோவில் நின்று கிளம்பிய அந்த விமானம் 1950 ஆகஸ்ட் 31 அதிகாலை, எகிப்திலேயே விழுந்தது. 55 பேரும் இறந்தார்கள். நோவிட்ஸ்கிக்கு வயது 40.

அந்த விபத்து இரண்டு ஊர்களின் தலையெழுத்தை மாற்றியது. சண்டிகருக்கு வேறு ஆள் தேடி பஞ்சாப் அதிகாரிகள் தாப்பரும் வர்மாவும் ஐரோப்பா போனார்கள், கட்டடக்கலைஞர் லெ கொர்பூசியேயோடு திரும்பினார்கள். இலை வரைபடம் நேர்க்கோட்டுக் கட்டங்களாயிற்று. சண்டிகரைப் பற்றி எழுதுகிறவர்கள் நோவிட்ஸ்கியை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். சிலர் அந்த ஒரு வரியும் எழுதுவதில்லை.

ராலியில் டீட்ரிக்கும் செவருட்டும் கைவிடவில்லை. நோவிட்ஸ்கி விட்டுப்போன படங்களை வைத்துக்கொண்டு 1952-ல் அரங்கத்தை முடித்தார்கள். வடங்களைத் தொங்கவிட்டு ஒரு மாளிகையளவு கூடத்தைச் சேண வடிவில் மூடியது உலகத்திலேயே அதுதான் முதல். மறுவருடமே அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தின் முதல்நிலை விருது கிடைத்தது. விமர்சகர் லூயிஸ் மம்ஃபோர்டு 1954-ல் நோவிட்ஸ்கியின் வாழ்க்கையையும் வேலையையும் பற்றித் தொடர் கட்டுரைகள் எழுதினார்.

குறையில்லாத கட்டடம் என்று சொல்லமாட்டேன். கூரையின் நடுப்பகுதியில் வளைவு போதாது, கொஞ்சம் மட்டமாகிவிட்டது. வளைவு எங்கே குறைகிறதோ அங்கே குறுக்கு வடங்களின் பிடிமானமும் குறையும். காற்றில் கூரை படபடக்கக்கூடாது என்பதற்காக, கூரை வடங்களிலிருந்து உள்பக்கமாகச் சுற்றுத் தூண்களுக்கு மெல்லிய கம்பிகளை இழுத்து, அவற்றில் சுருள்வில்களை வைத்தார்கள். அழகுக் குறைச்சல்தான். ஆனாலும் முதல் முயற்சியில் இவ்வளவு குறையோடு தப்பியதே ஆச்சரியம். டகோமாவுக்குப் பன்னிரண்டு வருஷம் கழித்து, எஃகு வடத்தில் தொங்கும் மெல்லிய கூரை கரோலினாவின் சூறாவளிகளுக்குத் தாக்குப்பிடித்து நின்றது.

மாடுகளுக்காகக் கட்டியதில் மனிதர்கள் புகுவதற்கு அதிக காலம் ஆகவில்லை. கூடைப்பந்து வந்தது. கரோலினா கூகர்ஸ் என்ற தொழில்முறை அணி இங்கே ஆடியிருக்கிறது. பின்னாளில் தரையில் பனிக்கட்டி உறையவைத்து ஐஸ் ஹாக்கியும் ஆடினார்கள். சர்க்கஸ், கச்சேரி, அரசியல் கூட்டம் எதுவும் பாக்கியில்லை. நடுவில் தூண் இல்லாத ஐயாயிரம் இருக்கை என்றால் ஜனம் சும்மா விடுமா?

இனி வருவது எனக்குப் பிடித்த பகுதி. 1950-ல் ஓர் இளைஞன் உதவித்தொகை பெற்று ஜெர்மனியிலிருந்து அமெரிக்கா சுற்ற வந்தான். பெயர் ஃப்ரை ஓட்டோ. போரில் விமானம் ஓட்டியவன், பிடிபட்டு பிரான்ஸின் ஷார்த்ர் முகாமில் கைதியாக இருந்தவன். அந்த முகாமில் கட்டுமானத்துக்குப் பொருள் கிடையாது. இருக்கிற கொஞ்சத்தில் எதையாவது எழுப்பவேண்டிய கட்டாயத்தில் சிக்கனத்தைக் கற்றவன். நியூயார்க்கில் செவருட்டின் அலுவலகத்துக்குள் நுழைந்தபோது மேசையில் ராலி அரங்கின் வரைபடங்கள் இருந்தன. கட்டடம் அப்போது எழும்பவே இல்லை. காகிதத்தில் பார்த்ததே போதுமாக இருந்தது. ஊருக்குப் போய் தொங்கும் கூரைகளையே ஆராய்ச்சிப் பொருளாக எடுத்து 1954-ல் முனைவர் பட்டம் வாங்கினான். இனி ‘அவர்’ என்றே எழுதவேண்டும். அந்த ஆய்வேடு புத்தகமாகிப் பல மொழிகளுக்குப் போனது. வடக்கூரைகளைப் பற்றி உலகத்தில் முறையாக எழுதப்பட்ட முதல் நூல் என்ற இடம் அதற்கு உண்டு.

ராலியின் வம்சம் பிறகு வேகமாகப் பெருகியது. 1958-ல் கட்டடக்கலைஞர் ஈரோ சாரினனும் செவருட்டும் யேல் பல்கலைக்கழகத்துக்கு ஐஸ் ஹாக்கி அரங்கம் கட்டினார்கள். முதுகெலும்பாக ஒரே கான்கிரீட் வளைவு, இருபுறமும் வடங்கள். அதைத் தாண்டியது டோக்கியோ.

1964 ஒலிம்பிக்ஸின் நீச்சலுக்காக யோயோகியில் கென்ஸோ டாங்கே வடிவமைத்த கூடம், தொங்குபாலத்தையே அரங்கமாக்கிய துணிச்சல். 126 மீட்டர் இடைவெளியில் இரண்டு கான்கிரீட் கோபுரங்கள். அவற்றின்மேல் 33 சென்டிமீட்டர் பருமனுள்ள இரண்டு முதன்மை வடங்கள். கோபுரத்தைத் தாண்டி இருபுறமும் தரையில் நங்கூரம். முதன்மை வடங்களிலிருந்து இரு பக்கமும் பார்வையாளர் மாடத்தின் விளிம்புவரை கூரை இறங்குகிறது. பொறியாளர் யோஷிகாட்சு சுபோயும், அவருடைய இளம் சகா மாமோரு கவாகுச்சியும் முதலில் ராலிபோல முழுக்க வடவலையாகத்தான் நினைத்தார்கள். ஆனால் டாங்கே கேட்ட எடுப்பான வளைவு வடம் இயற்கையாகத் தொங்கும் கோட்டோடு ஒத்துவரவில்லை. கடைசியில் இறங்கும் வடங்களுக்குப் பதிலாக எஃகு உத்தரங்களையே வளைத்துத் தொங்கவிட்டார்கள். அவை பாதி வடம், பாதி உத்தரம். கலைஞர் கேட்டார், பொறியாளர் விட்டுக்கொடுத்தார், கொஞ்சம் எஃகு கூடியது. காற்றின் ஆட்டத்துக்கு முதன்மை வடங்களில் எண்ணெய்த் தணிப்பான்களைப் பொருத்தினார்கள். ராலியில் சுருள்வில் செய்த வேலையை இங்கே இவை செய்தன. வேலை தொடங்கி முடிய சுமார் பதினெட்டு மாதம். 1964 அக்டோபரில் போட்டிக்குத் தயார்.

1972 மூனிக் ஒலிம்பிக்ஸைப் பற்றித் தனி அத்தியாயமே வரப்போகிறது என்பதால் இங்கே ஒரு கை மட்டும் வைக்கிறேன். குந்தர் பெஹ்னிஷ் போட்டியில் வென்ற வரைபடத்தில் கூரை துணிக்கூடாரமாக மிதந்தது. அதைக் கட்ட முடியுமா என்று நடுவர்களுக்கே சந்தேகம். ஓட்டோவை அழைத்தார்கள். விளையாட்டு மைதானம், உள்ளரங்கம், நீச்சல்குளம் எல்லாவற்றையும் தழுவிப் போகும் 74,800 சதுர மீட்டர் வடவலை எழுந்தது. கண்ணாடியைப் போன்ற அக்ரிலிக் பலகைகளால் மூடினார்கள். செலவு முதலில் போட்ட மதிப்பீட்டைப்போலப் பல மடங்காயிற்று. அதற்குக் கணக்குப் போட்டபோது நழுவுகோலால் முடியவில்லை. ஆர்கிரிஸ், லின்க்விட்ஸ் குழுக்கள் கணினியில் புதிய கணித முறைகளை உருவாக்கவேண்டியிருந்தது. அந்த முறைகள்தாம் இன்று உலகெங்கும் துணிக்கூரைகளை வெட்டித் தைக்கப் பயன்படுகின்றன. 2011 உலகக் கோப்பைக்காகச் சேப்பாக்கத்தில் எழுப்பிய புதிய மாடங்களின் மேலே எஃகுக் கம்பங்களும் வடங்களும் இழுத்துப் பிடித்திருக்கும் வெள்ளைக் கூரையை அடுத்த முறை போட்டி பார்க்கப் போகும்போது அண்ணாந்து பாருங்கள். எதிரெதிர் வளைவுகளால் காற்றை அடக்கும் தந்திரம் அங்கேயும் அதேதான்.

ராலி அரங்கத்துக்கு 1961-ல் டார்ட்டனின் பெயரைச் சூட்டினார்கள். நிர்வாகியின் பெயர் வைப்பதில் தப்பில்லை, கேட்டதும் பணம் திரட்டியதும் அவர்தான். 1973-ல் அமெரிக்காவின் தேசிய வரலாற்று இடங்களின் பட்டியலில் இடம் கிடைத்தது. ஐம்பது வருஷம் ஆகாத கட்டடத்தை அந்தப் பட்டியல் வழக்கமாகச் சேர்ப்பதில்லை. இதற்கு அப்போது வயது 21. 2002-ல் அமெரிக்கக் கட்டுமானப் பொறியாளர் சங்கம் தன் சின்னங்களின் வரிசையிலும் சேர்த்துக்கொண்டது. ஸ்தனிஸ்வாவா நோவிட்ஸ்கி பிலடெல்பியாவில் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் கட்டடக்கலைப் பேராசிரியராக நீண்ட காலம் பணியாற்றினார். ஃப்ரை ஓட்டோ 2015 மார்ச்சில் இறந்தார். கட்டடக்கலையின் ஆகப்பெரிய விருதான பிரிட்ஸ்கர் அந்த ஆண்டு அவருக்கென்று முடிவாகியிருந்தது. அறிவிப்பு வந்தது அவர் போன பிறகு. அக்டோபரில் ராலிப் பக்கம் போகிறவர்கள் பொருட்காட்சிக்குச் சீட்டு வாங்கினால் போதும், டார்ட்டன் அரங்கம் இன்றும் திறந்திருக்கிறது.

அடுத்த இதழில் டெக்சாஸ். பேஸ்பால் மைதானம் ஒன்றை முழுசாகக் கூரைக்குள் அடைக்கவேண்டும் என்று ஹூஸ்டன் நகரம் பிடிவாதம் பிடித்தது. 196 மீட்டர் எஃகுக் குவிமாடம் எழுந்தது, உள்ளே புல் செத்தது.

(தொடரும்)